பயனாளிகள் ஏரி பார்த்த நாள்

பீமாராவ் குடும்பம் எங்கேயும் போகாத குடும்பம் என்று யாராவது சொன்னால் அது வீண்பழி. அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருக்கிறார்கள். சின்னவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அனந்தபுரத்தில் சித்தப்பா செத்தபோதும், அவலூர்பேட்டையில் மங்கையின் பெரியம்மா செத்தபோதும் வண்டி நிறைய ஆளேற்றிக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள். வண்டிக்கும் பஞ்சமில்லை. பீமாராவே செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குட்டியானை வைத்து லோடு அடிக்கிறவன்.

கோட்டை இருக்கிறதே, அதைப் போய்ப் பார்க்கக் கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். செஞ்சிக்காரர்களுக்குக் கோட்டை என்பது, பஸ்ஸில் தூங்கி விழித்தால் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வதற்காக இருக்கும் மலை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வருஷா வருஷம் வரிசை கட்டி அங்கேதான் ஏற்றி இறக்குகிறார்கள். டூர் என்ற வார்த்தையைக் கேட்டாலே மூத்தவள் சுவாதிக்கு முட்டி வலிக்க ஆரம்பித்துவிடும்.

இந்த வருஷம் முழுப் பரீட்சை முடிகிற சமயத்தில், ஒரு சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே மங்கை சொன்னாள்.

"இன்னாய்யா, ஒரே ஒரு நாளு. சாமி கும்புட இல்ல, சாவுக்கு இல்ல, ஊசி போட்டுக்க இல்ல. சும்மா எங்கனா போயி ஒக்காந்துட்டு வரணும்."

"எங்க போறது?"

"தண்ணி இருக்கிற எடமா இருந்தா போதும்."

கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயமாகவும் இருக்கலாம். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அவள் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. கேட்ட முதல் பொருளே இதுதான் என்பது பீமாராவுக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி, போலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்குக் கொடுப்பதற்கு அரசாங்க அனுமதி தேவையில்லை என்பதால் அந்த ஒன்று மட்டும் இந்தக் கதையில் உடனே நடந்தது.

சிங்கவரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அல்லியேரி. போன மழையில் நிரம்பின ஏரி, வெயில் காலத்திலும் பாதிக்கு மேல் தண்ணீரோடு கிடந்தது. ஒரு காலத்தில் ஜனங்கள் அங்கே மாடு குளிப்பாட்டினார்கள், மீன் பிடித்தார்கள், பிள்ளைகள் நீச்சல் அடித்தார்கள். அதாவது ஏரியை ஏரியாகவே உபயோகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு 'அல்லியேரி ஏரிக்கரை இயற்கைப் பூங்காப் பராமரிப்பு, பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு வாரியம்' என்று ஒன்று வந்து அந்த முறைகேட்டை நிறுத்தியது. ஏரிக்கும் சாலைக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பி, மதிலுக்கு வெளியே கொக்கு, நாரை எல்லாம் படம் வரைந்து, பெரிய இரும்பு கேட்டும் போட்டார்கள். பூங்கா திறந்து ஒரு வருஷம் ஆகிறது. உள்ளே போனேன் என்று சொல்கிற ஓர் ஆளைச் செஞ்சியில் நீங்கள் காட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. சனிக்கிழமையும் விடுமுறை. பொங்கல், தீபாவளி, மற்ற அரசு விடுமுறை தினங்களிலும் ஜனங்களுக்கு லீவு கிடைக்கும்போதெல்லாம் பூங்காவுக்கும் லீவு. ஆகவே மங்கை வேலை நாளில் லீவு போட வேண்டியதாயிற்று.

அவள் வேலை செய்வது செருப்புக் கம்பெனியில். விடியும்போது கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து கொட்டும். அங்கே சாவு, கல்யாணம், காய்ச்சல் இந்த மூன்றுக்குத்தான் லீவு. ஏரி பார்க்க வேண்டும் என்று சொன்னால் சூப்பர்வைசர் டாக்டரைக் கூப்பிடுவார். அதனால் மங்கை அவலூர்பேட்டைப் பெரியம்மாவை இன்னொரு தரம் சாகடித்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்துத் தராத அந்த மகராசி, செத்த பிறகு மங்கைக்கு ஒரு புதன்கிழமையை வாங்கிக் கொடுத்தாள். அந்தப் புதன் போனால் அடுத்த லீவுக்கு அவள் நிஜமாகவே யாரையாவது சாகக் கொடுத்தாக வேண்டும்.

லீவு கையில் கிடைத்ததும் பீமாராவ் பூங்காவுக்கு அனுமதி வாங்கக் கிளம்பினான். பூங்கா ஏரிக்கரையில் இருந்தாலும் வாரியத்தின் அலுவலகம் ஊருக்குள், உரக்கடை மாடியில் இருந்தது. அங்கே மணிமொழி என்று ஒரு அம்மாள், உதவியாளர், கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன நோக்கத்துக்காகப் பாக்கணும்?"

"நோக்கமெல்லாம் இல்ல மேடம். சும்மா பாக்கத்தான்."

அவள் கம்ப்யூட்டர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "ஆராய்ச்சி இருக்கு, கல்வி இருக்கு, சினிமா ஷூட்டிங் இருக்கு, உயர் அலுவலர் வருகை இருக்கு. சும்மான்னு இல்லீங்களே."

"குடும்பத்தோட வர்றம் மேடம். புள்ளைங்க ஓடியாடும், நாங்க ஒக்காந்திருப்போம். அவ்ளோதான்."

"உக்காந்து?"

"உக்காந்து… எந்திரிச்சி வந்துடுவோம்."

மணிமொழி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். கெட்ட பெண்மணி இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் ஏரியைப் பார்க்க வருகிற மனிதனை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் ஆராய்ச்சி என்றே போட்டுவிட்டாள். ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் பீமாராவ், எட்டாம் வகுப்பு. முதுநிலை ஆய்வாளர் மங்கை. இளநிலை ஆய்வாளர்கள் சுவாதி, இளவழகன். இளவழகன் இரண்டாம் வகுப்பு என்பதால் அவனுக்கு மட்டும் வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. சுவாதியையே வழிகாட்டியாகப் போட்டு அதைச் சமாதானப்படுத்தினார்கள்.

ஆய்வாளர்கள் ஆகிவிட்டதால் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். ஏரியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில், பீமாராவ் குடும்பம் மட்டும் உட்கார, வாரியத்தின் செயல் அலுவலர் அரங்கநாதன் தாமே வந்து நடத்தினார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. பேச ஆரம்பித்தால் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் நாலாயிரம் பேரைப் பார்த்துப் பேசுகிற மனுஷர்.

"ஏரியைப் பார்ப்பது வேறு, ஏரியை அணுகுவது வேறு!" என்று தொடங்கினார். "பொதுமக்கள் ஏரியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்கிறார்கள்? சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷப்பட்டால் சத்தம் வருகிறது. சத்தம் வந்தால் பறவை பறந்துவிடுகிறது. ஆகவே சந்தோஷத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பறவையைப் பார்த்தால் கை நீட்டக் கூடாது. ஐ என்று சொல்லக் கூடாது. தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது, ஏனென்றால் உங்கள் கால் எந்தெந்த இடத்துக்குப் போய்வந்த கால் என்று தண்ணீருக்குத் தெரியாது."

மங்கை தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சார், அந்த ஏரில மீனு இருக்குதா?" என்று இளவழகன் கேட்டான்.

"ஆவணங்களின்படி இருக்கிறது தம்பி."

"நீங்க பாத்தீங்களா?"

அரங்கநாதன் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரைப் போல மேஜையைச் சுற்றி முன்னால் வந்தார். "நான் இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஏரிக்குப் போனதில்லை. ஏன்? நிர்வாகம் நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தால், பார்க்காமலே அனுப்பிய அறிக்கைகளின் மேல் நம்பிக்கை போய்விடும்!"

கைதட்டல் வரும் என்று நிறுத்தினார். மங்கை பிள்ளைகளுக்குச் சாடை காட்ட, நாலு பேரும் தட்டினார்கள்.

வகுப்பு முடிந்தும் அனுமதி வரவில்லை. பீமாராவ் லோடு அடிக்கிற நடுவில் உரக்கடை மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். கையெழுத்து ஆகவில்லை, ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், கையெழுத்து ஆகிவிட்டது, சீல் இல்லை, சீல் இருக்கிறது, மை காய்ந்துவிட்டது. புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வேனிலிருந்து இறங்கினதும் மங்கை அவன் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள், பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்கு இவ்வளவு வேதனை இருந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் மச்சான் குரு வழி சொன்னான். குரு செல்போன் கடை வைத்திருக்கிறான். ஆபீஸ்களின் நெளிவுசுளிவெல்லாம் அத்துப்படி என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"மாமா, நீ இன்னா வெறுங்கைய வீசினு போற? ஒரு சால்வ வாங்கினு போயி போத்து. ஒரு எலுமிச்சம்பழம் குடு. காசு குடுத்தா லஞ்சம், சால்வ போத்துனா மரியாத. எந்த ஆபீசருக்கும் தோள்ல துணி உழுந்தா கை தானா கையெழுத்து போட்டுடும்."

நல்ல யோசனைதான். ஜரிகைக் கரை போட்ட சால்வையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, கம்பெனியில் கரண்டு போனதால் மத்தியானமே வீடு வந்த மங்கையையும் அழைத்துக்கொண்டு பீமாராவ் போனான். அரங்கநாதன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே, குஷன் நாற்காலியில், காக்கிச் சட்டையும் முறுக்கின மீசையுமாக ஒருவர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். வகுப்பு எடுத்தவருக்கும் மேலே ஒரு பெரிய ஆபீசர் இருப்பார் என்பதில் பீமாராவுக்குச் சந்தேகமே இல்லை. ஆபீஸ் என்றால் மேலே மேலே ஆள் இருக்கத்தான் செய்யும். காக்கி வேறு, மீசை வேறு. சால்வையைப் பிரித்து அந்தத் தோளில் போர்த்தி, பழத்தைக் கையில் வைத்து, இருவரும் கும்பிட்டார்கள்.

அவர் வாட்ச்மேன் விநாயகம்.

பூங்கா கேட்டில் நிற்க வேண்டிய வாட்ச்மேன் ஊருக்குள் ஆபீஸில் என்ன செய்கிறார் என்று கேட்கலாம். அவர் கேட்டில் நின்றால் பூங்கா திறந்திருக்கிறது என்று ஜனங்கள் தப்பாக நினைத்துக்கொள்கிறார்களாம். அதனால் அவரை ஆபீஸிலேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். விநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருச சர்வீஸ்ல எனக்கு யாரும் துண்டுகூடப் போத்துனது இல்லைங்க" என்று எழுந்து பதிலுக்குக் கும்பிடும்போது, அரங்கநாதன் டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்தார்.

அலுவலகம் அப்படியே நின்றுவிட்டது. மணிமொழி தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். விநாயகம் சால்வையைக் கழற்றப் பார்த்தார்.

"வேணாம்" என்றார் அரங்கநாதன் அடிபட்ட குரலில். "போத்தினது போத்தினதுதான். எடுத்தா அது வாட்ச்மேன் சமூகத்துக்கே அவமானம்." பிறகு பீமாராவைப் பார்த்தார். "ஆனா நிர்வாகத்துக்கு மரியாதை செய்றதுக்கு முன்னாடி வாட்ச்மேனுக்குச் செஞ்சிட்டீங்க. இது வெளிய தெரிஞ்சா மேலிடத்துல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"தெரியாம ஆயிடுச்சி சார். இன்னொரு சால்வ வாங்கியாறன்."

"ஒரு சால்வையில சரியாகாதுங்க. படிநிலைன்னு ஒன்னு இருக்கு." அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "இப்ப விநாயகத்துக்கு நடந்ததை ஒத்திகைன்னு வச்சுக்கலாம். மெயின் நிகழ்ச்சியை நாம தனியா நடத்திடலாம். மக்கள் பாராட்டு விழா! வாரியத்தோட சிறப்பான பணியைப் பாராட்டி மக்களே தானா முன்வந்து எடுக்குற விழா. பயனாளிகள் சார்பில் உங்க குடும்பம்."

"சார், நாங்க இன்னும் ஏரியவே பாக்கலியே?"

"அதுதான் விசேஷம்! பாத்துட்டுப் பாராட்டுறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. பாக்காமயே பாராட்டுறீங்கன்னா நிர்வாகம் எவ்வளவு தூரம் மக்கள் மனசுல போய்ச் சேர்ந்திருக்கு பாருங்க!"

பீமாராவ் மங்கையைப் பார்த்தான். அவள் முன்னால் வந்து, "சார், எனக்கு வர்ற பொதங்கெழம ஒரு நாளுதான் லீவு. அன்னிக்கு உள்ள உட்டா போதும்" என்றாள்.

"புதன்கிழமையே விழாவை வச்சிடுறோம்மா. விழா முடிஞ்சதும் முதல் குடும்பமா நீங்கதான் உள்ள போறீங்க. நான் வாக்குக் கொடுக்கிறேன்."

புதன்கிழமை வந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து மங்கை புளிச்சோறு கிளறினாள். உருளைக்கிழங்கு வறுத்து, முட்டை அவித்து, எல்லாவற்றையும் தூக்கில் அடைத்தாள். பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கு எடுத்த துணி. உட்கார்வதற்கு ஒரு பாய். கடைசி நிமிஷத்தில் தலையில் வைத்த கனகாம்பரத்தை எடுத்துவிட்டு மல்லிகை வைத்துக்கொண்டாள். குட்டியானையின் பின்பக்கத்தைக் கழுவித் துடைத்து பீமாராவ் தயாராக நின்றான். வண்டி சிங்கவரம் தாண்டியபோது மங்கை பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பூங்கா கேட்டுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் பொட்டலில், ஷாமியானா போட்டிருந்தார்கள். விழாவை உள்ளே நடத்தினால் இயற்கைக்கு இடைஞ்சலாம். மேடைக்குப் பின்னால் மதிலையே மறைத்துக்கொண்டு ஒரு பிளெக்ஸ் பேனர் நின்றது. அதில் அல்லியேரி. நீல நிறத் தண்ணீர், ஆயிரக்கணக்கில் சிவப்புப் பறவைகள், தூரத்தில் பனி மூடிய மலை. செஞ்சிப் பக்கம் பனி மலை எப்போது முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நடுவே அரங்கநாதன் கைகூப்பி நின்றார். மூலையில் ஒரு வட்டத்துக்குள் பீமாராவ் குடும்பம், ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து எடுத்தது. கீழே, 'கண்டோம், களித்தோம், நன்றி! இவண் பயனாளிகள்.'

"ஐயோ, கம்பெனில யாருனா பாத்துட்டா?" என்று மங்கை முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பெரியம்மா செத்த வீட்டில் இருக்க வேண்டியவள் அவள்.

கேட்டருகே விநாயகம் நின்றார். சால்வையை மடித்துத் தோளில் போட்டிருந்தார். சங்கடத்தோடு தூக்கைக் கேட்டார்.

"வெளிச் சாப்பாடு கொண்டாரக் கூடாதும்மா. ஆர்டரு. முடிஞ்சதும் குடுத்துடறன்."

"நாங்க இன்னும் வெளியதானங்க இருக்கறோம்?" என்றாள் மங்கை.

விநாயகம் தூக்கை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால், திறந்த கேட்டின் வழியே, பிரியாணி அண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. சிறப்பு விருந்தினருக்கு ஏரிக்கரையில் விருந்து. அது உள் உணவு.

சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வர வேண்டும். வந்தார், வெயில் உச்சிக்கு ஏறின பிறகு. அதுவரை நாற்காலிகளை நிரப்புவதற்காகக் காட்டு வேலையிலிருந்து கூட்டிவந்த பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை என்று ஒவ்வொன்றாக நடந்தது. சுவாதி தம்பியை மடியில் போட்டுக்கொண்டு விசிறினாள். மங்கை பொறுமையாக இருந்தாள். விழா முடிந்தால் உள்ளே விடுவார்கள் என்கிற ஒரே நினைப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கநாதன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஒரு வருட காலத்தில் இந்தப் பூங்காவில் ஒரு மரம் வெட்டப்படவில்லை. ஏனென்றால் நாங்கள் இன்னும் ஒரு மரமும் நடவில்லை. ஒரு பிளாஸ்டிக் பை உள்ளே வரவில்லை. ஏனென்றால் ஒரு மனிதரும் உள்ளே வரவில்லை. மற்ற பூங்காக்களில் பொதுமக்கள் வருகிறார்கள், பூங்கா பாழாகிறது. நாம் பூங்காவைத் திறந்தபோதே, திறந்துதான் இருக்கிறது என்பது மக்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டோம். மாநிலத்திலேயே புகார் வராத ஒரே பூங்கா இதுதான்! இந்தச் சாதனை என் ஒருவனுடையதல்ல. வராமல் ஒத்துழைத்த பொதுமக்கள் ஒவ்வொருவருடையதும்!"

சிறப்பு விருந்தினர் உருகிப்போய்க் கைதட்டினார். அவர் பேசும்போது, இந்த முறையை மாநிலம் முழுக்க நூலகங்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் விரிவுபடுத்த ஆவன செய்வதாகச் சொன்னார்.

பிறகு சால்வைகள். விருந்தினருக்கு அரங்கநாதன் போட்டார், அரங்கநாதனுக்கு விருந்தினர் போட்டார், இருவருக்கும் பீமாராவ் போட்டான், பீமாராவ் குடும்பத்துக்கு அரங்கநாதன் போட்டார். போட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் சரியாக விழவில்லை என்று மறுபடி போடச் சொன்னார். அந்த வெயிலில் இளவழகன் கம்பளிக் குவியலாக நின்றான். நாலு பேருக்கும் சேர்த்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அல்லியேரியைக் கண்டு களித்தமைக்காக.

கடைசியாக நன்றியுரை சொல்ல மங்கையைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். மங்கை முந்தானையை முகத்தில் பாதிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு படித்தாள்.

"அல்லியேரியின் அழகைக் கண்டு என் உள்ளம் கொள்ளை போனது. தென்றல் என்னைத் தழுவியது. பறவைகளின்…" நிறுத்தினாள். தலையைத் திருப்பிப் பேனரைப் பார்த்தாள். பேனருக்குப் பின்னால் எங்கேயோ நிஜமான ஒரு நீர்க்கோழி கத்தியது. கூட்டம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"படிங்கம்மா, படிங்க" என்றார் அரங்கநாதன் புன்னகை மாறாமல்.

"…பறவைகளின் இன்னிசை என் செவியில் தேனாகப் பாய்ந்தது" என்று படித்து முடித்தாள். குரல் உடைந்துபோயிருந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று மேடையில் பேசிக்கொண்டார்கள்.

விழா முடிந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டுக்குள் போய் விருந்து சாப்பிட்டார்கள். பீமாராவ் குடும்பத்தை ஐந்தே நிமிஷம் இருக்கச் சொன்னார்கள். நிழல் நகர்ந்து நகர்ந்து ஷாமியானாவின் மறுபக்கம் போய்விட்டது. பிறகு கேட் திறந்து கார்கள் வரிசையாக வெளியே வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அரங்கநாதன் கார் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப நல்லா பேசினீங்கம்மா!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விநாயகம் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க சாத்தறீங்க? எங்கள உள்ள உடறன்னு சொன்னாரே?" என்று பீமாராவ் ஓடினான்.

"மணி அஞ்சாயிடுச்சுப்பா. பார்வை நேரம் முடிஞ்சிச்சி. என் கையில ஒன்னுமில்ல." தூக்கைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது. "அதுவுமில்லாம, நீங்க பாத்துட்டதா சான்றிதழ் குடுத்துட்டாங்களே. ரெண்டாவது தபா பாக்கணும்னா புதுசா மனு போடணும்."

"நாம பாத்துட்டமா நைனா?" என்று சுவாதி கேட்டாள்.

பீமாராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மங்கை பாயைச் சுருட்டி வண்டியில் வைத்தாள். மறுநாள் விடியக்காலை கம்பெனி வேன் வந்துவிடும். அவளுடைய ஒரு நாள் முடிந்துபோய்விட்டது.

அப்போதுதான் ஷாமியானாக்காரர் பச்சமுத்து வந்தார். மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், பீமாராவைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவர் பந்தல்தான். பீமாராவின் வண்டியைப் பல தடவை கூப்பிட்டிருக்கிறார்.

"டேய் பீமா, நல்ல நேரத்துல இருக்க. என் டிராக்டரு அவலூர்பேட்ட கல்யாணத்துல மாட்டிக்கிச்சு. உள்ள ஏரிக்கர மேல ஆபீசருங்களுக்குப் போட்ட சோபா, நாற்காலி, மேசையெல்லாம் கெடக்குது. இருட்டறதுக்குள்ள ஏத்தி கொண்டாந்து போட்டுடேன்."

பீமாராவ் கேட்டைப் பார்த்தான். "உள்ள உடுவாங்களா?"

"லோடு வண்டிய எவன்டா கேக்கறான்?"

பீமாராவ் வண்டியை எடுத்தான். மங்கையும் பிள்ளைகளும் பின்னால் ஏறி நின்றுகொண்டார்கள். விநாயகம் கேட்டருகே வந்து எட்டிப் பார்த்தார். பச்சமுத்து, "லோடு ஏத்தறதுக்கு" என்றார். விநாயகத்தின் முகம் மலர்ந்தது. ஆராய்ச்சிக்கு அனுமதி வேண்டும், கல்விக்கு வேண்டும், சும்மா என்பதற்கோ கட்டமே கிடையாது. லோடைப் பற்றி மட்டும் எந்த விதியிலும் ஒரு வார்த்தை இல்லை. அவர் கேட்டின் இரண்டு கதவையும் அகலமாகத் தள்ளித் திறந்து, ரிவர்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் பார்த்து எடுக்கச் சொன்னார்.

உள்ளே ஏரி கிடந்தது. பனி மலை இல்லை, சிவப்புப் பறவைகள் இல்லை. சேறு கலந்த பச்சைத் தண்ணீர், கரையோரம் கோரைப்புல், அதில் நாலைந்து நீர்க்கோழி, வெயில் சாய்ந்து தண்ணீர் மேல் விழுந்திருந்தது. கரையெல்லாம் பிரியாணி தின்ற இலை, எலும்பு, தண்ணீர் பாட்டில், டம்ளர். வராத பொதுமக்கள் ஒரு வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்ததை அலுவலர்கள் ஒரு மத்தியானத்தில் தீர்த்திருந்தார்கள். காக்கைகளுக்கு நல்ல வேட்டை.

சிறப்பு விருந்தினருக்காகப் போட்ட சிவப்பு சோபா தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. மங்கை அதன் அருகே போய் நின்றாள். கையால் தடவிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பயிற்சியை அடியோடு மறந்து ஐ என்று கத்திக்கொண்டு கால் நனைக்க ஓடினார்கள். நீர்க்கோழிகள் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், அங்கிருந்து வேடிக்கை பார்த்தன. ஒன்றும் பறந்துவிடவில்லை.

பீமாராவ் தூக்கைத் திறந்து புளிச்சோற்றை அவளிடம் நீட்டினான். ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. அவன் பக்கத்தில் உட்காரப்போகும் நேரத்தில், கேட்டுப் பக்கமிருந்து கார் ஒன்று வந்து நின்றது.

அரங்கநாதன். விருந்தில் மறந்துவிட்ட சால்வை மூட்டையை எடுக்கத் திரும்பி வந்திருந்தார். சோபாவில் சம்மணம் போட்டிருந்த பெண்ணையும் தண்ணீரில் குதிக்கிற பிள்ளைகளையும் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு? யாரு நீங்க? யாரு உள்ள விட்டது?"

பீமாராவ் எழுந்து நின்றான். சற்று முன்புதான் நாலு தரம் சால்வை போட்ட முகம். அந்தப் புன்னகை இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தான். அவர் கண்ணில் ஓர் அடையாளமும் தெரியவில்லை. தான் யார் என்று சொல்ல வாயைத் திறந்தவன், வேறு ஒன்றைச் சொன்னான்.

"லோடு ஏத்த வந்தம் சார். ஷாமியானா லோடு."

அரங்கநாதன் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"லோடா? அதை முதல்ல சொல்லக் கூடாதா? யாரோ பப்ளிக் உள்ள புகுந்துட்டாங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்." மூட்டையை எடுத்துக் காரில் போட்டார். "பாத்து ஏத்துங்க. சோபாவுல கீறல் விழாம."

கார் கேட்டைத் தாண்டிப் போயிற்று. பீமாராவ் சோபாவின் ஒரு முனையில் கை வைத்தான்.

"எந்திரிம்மே. ஏத்திடலாம்."

மங்கை அசையவில்லை. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே இன்னொரு வாய் சோறு எடுத்துக்கொண்டாள்.

"நாற்காலியெல்லாம் மொதல்ல ஏத்துய்யா. சோபா கடசியில."